யாரிடம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பியர்-டு-பியர் வலைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரக் கடைசிகளில் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி வலையமைப்பு பற்றி வகுப்பு எடுக்கிறேன். பியர்-டு-பியர் என்ற தலைப்பு வரும்போதெல்லாம் அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். வகுப்பு முடிந்த பிறகும் வாசலில் நின்று கேட்பார்கள், இரவில் செய்தி அனுப்பிக் கேட்பார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுப் போகும் என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. பியர்-டு-பியர்னா டாரன்ட்ல படம் இறக்குறதுதானே சார்?

டாரன்ட் அதில் ஒரு வகை. வழக்கமான இணையத்தில் ஒரு பக்கம் சர்வர் இருக்கும், மறுபக்கம் நாம் இருப்போம். அது கொடுக்கும், நாம் வாங்குவோம். பியர்-டு-பியர் வலையில் ஒவ்வொரு கணினியும் வாங்கவும் செய்யும், கொடுக்கவும் செய்யும். அப்படிக் கலந்துகொள்ளும் ஒவ்வொரு கணினியையும் கணு என்று சொல்வோம். இந்தப் பக்கம் முழுக்க அந்தச் சொல் வரும்.

நீங்கள் கவனிக்காத இடங்களிலும் இது இருக்கிறது. விண்டோஸ் 10 வந்த பிறகு, ஒரு கணினி இறக்கிய அப்டேட்டை அதே வலையில் இருக்கும் பக்கத்துக் கணினிக்குக் கொடுக்க முடியும். ஸ்பாட்டிஃபை 2014 வரை பாடல்களில் ஒரு பகுதியைப் பயனர்களின் கணினிகளிலிருந்தே எடுத்து அனுப்பியது. பிட்காயின் முழுக்க இப்படித்தான் ஓடுகிறது. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ்களை டாரன்ட் மூலமாகவே இறக்கலாம். இன்டர்நெட் ஆர்க்கைவ் 2012 முதல் தன் சேகரிப்புக்கு டாரன்ட் கொடுக்கிறது.

2. சர்வரே இல்லைன்னா எந்த ஃபைல் யார்கிட்ட இருக்குன்னு எப்படித் தெரியும்?

இதுதான் ஆணிவேர்க் கேள்வி. கோப்பை அனுப்புவது எளிது. யாரிடம் இருக்கிறது என்ற தகவலை எங்கே வைப்பது என்பதுதான் கடினம். மூன்று வழிகள் உண்டு. ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம். எங்குமே எழுதாமல் தேவைப்படும்போது அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாம். அல்லது அந்தப் பதிவேட்டையே துண்டு துண்டாகக் கிழித்து ஆளுக்கொரு பக்கம் கொடுத்து வைக்கலாம்.

எவ்வளவு சீக்கிரம் கிடைக்கும், எத்தனை கணினி போனாலும் வலை நிற்கும், கெட்டவன் எந்த வழியாக உள்ளே வருவான் என்ற மூன்றுமே பெரும்பாலும் இந்த ஒரு முடிவிலிருந்து வருகின்றன. ஒன்றை இழுத்தால் மற்ற இரண்டும் நகரும். கீழே வரும் பதில்களில் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கப் போகிறோம்.

3. நாப்ஸ்டர்னு ஒன்னு இருந்துச்சாமே, அதை ஏன் அவ்வளவு சுலபமா மூட முடிஞ்சுது?

நாப்ஸ்டர் முதல் வழியில் போனது. 1999இல் ஷான் ஃபானிங் என்ற இளைஞர் எழுதியது. பாட்டுக் கோப்புகள் பயனர்களின் கணினியில்தான் இருந்தன, நகர்வதும் அவர்களுக்குள்ளேயேதான். ஆனால் யாரிடம் எந்தப் பாட்டு என்ற பட்டியல் மட்டும் நிறுவனத்தின் சர்வர்களில் இருந்தது. அதனால் தேடல் அருமையாக இருந்தது. பெயரில் பாதியைப் போட்டாலும் நொடியில் பட்டியல் வந்துவிடும்.

அந்தப் பட்டியல்தான் கழுத்தாகவும் ஆனது. இசை நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2001 பிப்ரவரியில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் நாப்ஸ்டருக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது, அந்த ஆண்டு ஜூலையில் சேவை நின்றது. பாட்டுகள் லட்சக்கணக்கான வீடுகளில் அப்படியே இருந்தன. பட்டியல் போனதும் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

4. அப்போ பட்டியலே இல்லாம, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட கேட்டுக் கேட்டுத் தேடினா போதாதா?

அதைத்தான் நுடெல்லா செய்தது. 2000 மார்ச்சில் நல்சாஃப்ட் நிறுவனத்தின் ஜஸ்டின் ஃப்ராங்கலும் டாம் பெப்பரும் வெளியிட்டார்கள். தாய் நிறுவனமான ஏஓஎல் உடனடியாக அதை இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் அதற்குள் இறக்கியவர்கள் இறக்கிவிட்டார்கள். அதன் நெறிமுறையைப் பிரித்துப் பார்த்துப் பலர் சொந்தமாக எழுதிக்கொண்டார்கள். மூடுவதற்கு ஒரு வாசல்கூட இல்லாத வலை அது.

ஒரு கணு தன்னோடு இணைந்தவர்களிடம் கேட்கும், அவர்கள் தங்களோடு இணைந்தவர்களிடம் கேட்பார்கள். கேள்வி முடிவில்லாமல் சுற்றக்கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆயுள் எண் உண்டு, வழக்கமாக 7. ஒவ்வொரு கை மாறும்போதும் ஒன்று குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் 4 இணைப்புகள் என்றால் முதல் சுற்றில் 4 பேர், அடுத்து 12, அடுத்து 36 என்று போய், ஏழாவது சுற்று முடியும்போது மொத்தம் 4,372 பேரைக் கேள்வி தொட்டிருக்கும். நீங்கள் ஒரே ஒரு பாட்டைத் தேடியதற்கு இவ்வளவு செய்திகள். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் தேடினால் என்ன ஆகும்? தொலைபேசி மோடத்தில் இணைந்திருந்தவர்களின் இணைப்பு அடைத்துக்கொண்டது. 2000இன் நடுவில் நாப்ஸ்டர் மூடப்படும் என்ற பேச்சு கிளம்பிக் கூட்டம் இங்கே திரும்பியபோது வலை திணறியது.

இன்னொரு குறையும் உண்டு. அந்த 4,372 பேருக்கு அப்பால் வலை இன்னும் பெரிதாக இருந்தால், அங்கே இருப்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. எல்லோரும் வைத்திருக்கும் பாட்டு உடனே கிடைக்கும். எங்கோ ஒருவர் மட்டும் வைத்திருக்கும் அரிய கச்சேரிப் பதிவு வலைக்குள் இருந்தும் கிடைக்காது.

5. சூப்பர்நோட்னா என்ன? அது மறுபடியும் சர்வர்தானே?

பாதி சர்வர். நல்ல வேகமும் நீண்ட நேரம் ஓடும் பழக்கமும் உள்ள சில கணினிகளை மென்பொருளே பொறுக்கி எடுத்து, சுற்றியிருக்கும் சின்னக் கணுக்களின் பட்டியலை அவற்றிடம் கொடுக்கும். கேள்விகள் சூப்பர்நோட்களுக்கு இடையே மட்டும் ஓடும். 2001இல் வந்த காசா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் இப்படித்தான் வேலை செய்தது. நுடெல்லாவும் பின்னால் இதே ஏற்பாட்டுக்கு மாறியது. காசாவைத் தொடங்கிய நிக்லஸ் சென்ஸ்ட்ரோமும் யானுஸ் ஃபிரீஸும் 2003இல் ஸ்கைப்பைக் கொண்டு வந்தபோது இந்த வடிவத்தையே எடுத்துக்கொண்டார்கள்.

தங்கள் கணினி சூப்பர்நோட் ஆகியிருக்கிறது என்பது பெரும்பாலான பயனர்களுக்குத் தெரியாது. யாரோ இருவர் பேச உங்கள் மின்சாரமும் இணைய இணைப்பும் செலவாகும். இதை முதலிலேயே கேட்டுச் செய்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

6. டி.எச்.டி.யை எத்தனை தடவை படிச்சாலும் புரியல. எளிமையா சொல்ல முடியுமா?

டி.எச்.டி. என்றால் டிஸ்ட்ரிபியூட்டட் ஹாஷ் டேபிள், அதாவது பகிர்ந்து வைத்த அட்டவணை. 2ஆம் கேள்வியில் சொன்ன மூன்றாவது வழி இது. பதிவேட்டைக் கிழித்து ஆளுக்கொரு பக்கம் கொடுப்பது. எந்தப் பக்கம் யாரிடம் என்பதற்கு ஒரு கணக்கு வேண்டும், அவ்வளவுதான். 2001, 2002 வாக்கில் கார்ட், பேஸ்ட்ரி, கேன் என்று பல வடிவங்கள் வந்தன. இன்று அதிகம் புழங்குவது நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மேமுன்கோவும் டேவிட் மசியேரும் 2002இல் வெளியிட்ட கடெம்லியா.

ஒவ்வொரு கணுவுக்கும் 160 பிட் நீளமான ஓர் எண். ஒவ்வொரு கோப்புக்கும் அதே நீளத்தில் ஓர் எண். கோப்பின் எண்ணுக்கு எந்தக் கணுவின் எண் மிக நெருக்கமோ, அந்தக் கோப்பு யாரிடம் இருக்கிறது என்ற குறிப்பு அந்தக் கணுவிடம் இருக்கும். நெருக்கம் என்பதை எக்ஸார் கணக்கால் அளப்பார்கள். நான்கு பிட்டில் பார்ப்போம். கோப்பு 1011. ஒரு கணு 1001, இன்னொன்று 0011. வித்தியாசப்படும் இடத்தில் 1 போட்டால் முதலாவதற்கு 0010, அதாவது 2. இரண்டாவதற்கு 1000, அதாவது 8. ஆகவே 1001தான் நெருக்கம். ஒருவர் சென்னையில் இருக்கலாம், இன்னொருவர் ஓஸ்லோவில் இருக்கலாம். ஊருக்கும் இந்தத் தூரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

இப்போது தேடல். ஒவ்வொரு கணுவும் தனக்கு அருகில் இருப்பவர்களை நிறையவும், தூரத்தில் இருப்பவர்களைக் கொஞ்சமாகவும் தெரிந்து வைத்திருக்கும். நீங்கள் கேட்டால், தனக்குத் தெரிந்தவர்களில் அந்த எண்ணுக்கு இன்னும் நெருக்கமானவரைக் கைகாட்டும். ஒவ்வொரு கேள்விக்கும் தூரம் குறைந்தது பாதியாகிவிடும். பத்து லட்சம் கணுக்கள் இருந்தாலும் 20 படிக்குள் போய்ச் சேரலாம், ஏனென்றால் 2ஐ 20 முறை பெருக்கினால் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். நடைமுறையில் இன்னும் குறைவு. 4ஆம் கேள்வியின் ஆயிரக்கணக்கான செய்திகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரிய கச்சேரிப் பதிவும் பிரபலப் பாட்டும் இங்கே ஒரே செலவில் கிடைக்கும்.

7. அப்போ டி.எச்.டி.ல கூகுள் மாதிரி பேரைப் போட்டுத் தேடலாமா?

முடியாது. இதைத்தான் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கோப்பின் எண், எந்தத் தரவையும் ஒரே நீளமுள்ள எண்ணாகச் சுருக்கும் ஹாஷ் என்ற கணக்கிலிருந்து வருகிறது. ஓர் எழுத்து மாறினாலும் ஹாஷ் முழுக்க வேறாகிவிடும். எண் சரியாகத் தெரிந்தால் டி.எச்.டி. கொண்டுபோய்ச் சேர்க்கும். பெயரில் பாதி தெரியும் என்றால் அதற்கு வழியே கிடையாது. டாரன்ட் உலகில் தேடுவதற்குத் தனி இணையதளங்கள் இருப்பது இதனால்தான். டாரன்டை 2001இல் உருவாக்கிய பிராம் கோஹன் தேடலை அதற்குள் வைக்கவே இல்லை. தெரிந்த ஒன்றைப் பலருக்கு வேகமாகக் கொண்டுசேர்ப்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட வேலை.

சொல்லை வைத்துத் தேட ஒரு வழி உண்டு. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக ஹாஷ் செய்து பதிவது. ஈமியூல் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளின் கேட் வலை அப்படிச் செய்தது. ஆனால் எல்லோரும் தேடும் ஒரு சொல்லுக்குப் பொறுப்பான கணு எது என்று யோசியுங்கள். பாவம், யாரோ ஒருவரின் வீட்டுக் கணினி. உலகமே அதன் கதவைத் தட்டும்.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. 'பொன்' என்று எழுதும்போது ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, ஹாஷுக்கு இரண்டும் வேறு. தேடும் முன் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளாவிட்டால் இருக்கும் கோப்பு கிடைக்காது. அப்புறம் மதுரை, மதுரையில், மதுரைக்கு எல்லாம் மூன்று தனி எண்கள். தமிழ்ச் சேகரிப்பு ஒன்றைப் பகிர்ந்தளிக்க நினைப்பவர்கள் இதை முதல் நாளே யோசிக்க வேண்டும்.

8. பாதிக் கம்ப்யூட்டர் திடீர்னு அணைஞ்சுட்டா வலை என்ன ஆகும்?

எந்தப் பாதி என்பதைப் பொறுத்தது. 2000இல் ஆல்பர்ட், ஜியோங், பராபாசி மூவரும் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். சில கணுக்களுக்கு மட்டும் ஏராளமான இணைப்புகளும் மற்றவற்றுக்குச் சிலவும் இருக்கும் வலையில், கண்ணை மூடிக்கொண்டு எதைப் பிடுங்கினாலும் பெரிய சேதம் வராது. ஆனால் அதிக இணைப்புள்ளவற்றைத் தேர்ந்தெடுத்துப் பிடுங்கினால் வலை சீக்கிரமே சிதறிவிடும்.

வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நுடெல்லாவை அளந்து 2002இல் வெளியிட்ட ஆய்வில் இது நேரடியாகத் தெரிந்தது. 30 விழுக்காடு கணுக்களைத் தற்செயலாக நீக்கியபோதும் மிச்சத்தில் பெரும்பகுதி ஒட்டிக்கொண்டே இருந்தது. அதிக இணைப்புள்ள 4 விழுக்காட்டை மட்டும் நீக்கியபோது வலை துண்டு துண்டானது. மையம் இல்லை என்று சொல்லிக்கொண்ட வலைக்குள் மையங்கள் தாமாகவே முளைத்திருந்தன.

கடெம்லியாவில் இந்தச் சமச்சீரின்மை குறைவு. ஒரு குறிப்பை ஒரே கணுவிடம் வைக்காமல் நெருக்கமான பலரிடம் வைக்கிறார்கள். மூலக் கட்டுரையில் 20 பேர், டாரன்ட் டி.எச்.டி.யில் 8 பேர். கணுக்கள் வருவதும் போவதுமாக இருப்பதால் குறிப்புகளை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். இன்னொரு அழகான விஷயம்: நீண்ட நேரமாக வலையில் இருப்பவர் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று நுடெல்லா அளவீடுகள் காட்டின. ஆகவே கடெம்லியா பழைய ஆட்களை விடாமல் வைத்துக்கொள்கிறது. புதியவருக்கு இடம் வேண்டுமென்றால் பழையவர் பதில் சொல்லாமல் போயிருக்க வேண்டும். இந்த ஒரு விதி 12ஆம் கேள்வியில் பாதுகாப்புக்கும் உதவும்.

9. ஸ்கைப் ரெண்டு நாள் மொத்தமா நின்னுச்சே, அதுவும் பியர்-டு-பியர்தானே?

ஆமாம். 2007 ஆகஸ்ட் 16 அன்று நடந்தது. விண்டோஸ் அப்டேட் வந்து உலகம் முழுக்க ஏராளமான கணினிகள் குறுகிய நேரத்தில் மறுதொடக்கம் ஆயின. சூப்பர்நோட்களும் அவற்றோடு அணைந்தன. எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்ப உள்ளே வர முயன்றபோது ஏற்கெனவே மென்பொருளில் ஒளிந்திருந்த ஒரு பிழை வெளிப்பட்டு, வலை தன்னைத்தானே சரிசெய்துகொள்ள முடியாமல் போனது. 2010 டிசம்பரிலும் விழுந்தது. விண்டோஸுக்கான ஒரு குறிப்பிட்ட பதிப்பு செயலிழந்து, சூப்பர்நோட்களில் கால்வாசிக்கு மேல் ஒரே அடியில் போயின. எஞ்சியவற்றின் தலையில் சுமை ஏறியதும் அவையும் விழுந்தன.

8ஆம் பதிலில் சொன்ன தற்செயல் என்ற சொல்லை இங்கே கவனியுங்கள். ஒவ்வொரு கணினியும் தனித்தனிக் காரணத்துக்காக அணைந்தால் வலை தாங்கும். எல்லாவற்றிலும் ஒரே இயங்குதளம், ஒரே பதிப்பு என்றால் அவை ஒரே காரணத்துக்காக ஒன்றாக விழும். லட்சம் கணினி இருந்தும் ஒரு கணினிக்குச் சமம். மாணவர்கள் இந்த வலை எத்தனை கணுக்கள் போனாலும் தாங்கும் என்று அறிக்கையில் எழுதும்போது, அவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் போகின்றனவா என்று நான் கேட்பது இதனால்தான். ஸ்கைப் 2012 வாக்கில் சூப்பர்நோட்களைத் தன் சொந்தத் தரவு மையங்களுக்கே மாற்றிக்கொண்டது.

10. டாரன்ட் 99 சதவீதத்துல நின்னுடுச்சு. வலைதான் நல்லா ஓடுதே, ஏன் வரல?

வலை உயிரோடு இருப்பதும் உங்கள் கோப்பு உயிரோடு இருப்பதும் இரண்டு தனி விஷயங்கள். டி.எச்.டி. முகவரியைத்தான் வைத்திருக்கிறது. அந்த வீட்டில் ஆள் இருக்க வேண்டும். டாரன்ட் ஒரு கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் பகிர்கிறது. முழுக் கோப்பையும் வைத்திருந்தவர்கள் எல்லோரும் போய்விட்டால், மிச்சம் இருப்பவர்கள் எல்லோரிடமும் அதே 99 விழுக்காடு இருக்கும், அதே ஒரு துண்டு இருக்காது.

இதைத் தள்ளிப்போட டாரன்ட் ஒரு நல்ல உத்தியைக் கையாள்கிறது. எந்தத் துண்டு மிகக் குறைவானவர்களிடம் இருக்கிறதோ அதை முதலில் வாங்கும். அரிய துண்டு சீக்கிரம் பலரிடம் பரவிவிடும். ஆனால் மனிதர்கள் இறக்கி முடித்ததும் அணைத்துவிட்டுப் போவதை எந்த உத்தியாலும் தடுக்க முடியாது. 2000இல் நுடெல்லாவை ஆராய்ந்த ஆடரும் ஹியூபர்மனும் ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் எதையுமே பகிரவில்லை என்று கண்டார்கள். கிடைத்த பதில்களில் ஏறத்தாழப் பாதி, மேல்மட்டத்தில் இருந்த 1 விழுக்காட்டினரிடமிருந்து வந்தன. எனக்குக் கொடுப்பவருக்கு நான் கொடுப்பேன் என்ற விதியை டாரன்ட் கொண்டுவந்தது இதைச் சரிசெய்யத்தான். அந்த விதி இறக்கும் நேரத்தில் நன்றாக வேலை செய்கிறது, இறக்கி முடித்த பின் யாரையும் கட்டுப்படுத்தாது. ஒரு கோப்பு உங்களுக்குப் பிடித்திருந்தால் இறக்கியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துவிட்டு வெளியேறுங்கள். அரிய தமிழ் நூல்கள், பழைய பதிவுகள் விஷயத்தில் இதை மன்றாடியே கேட்கிறேன்.

11. முன்பின் தெரியாத ஆள்கிட்டேர்ந்து வர்ற துண்டை எப்படி நம்புறது?

ஆளை நம்ப வேண்டியதில்லை, ஹாஷை நம்பினால் போதும். டாரன்ட் கோப்பில் ஒவ்வொரு துண்டின் ஹாஷும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். வந்த துண்டின் ஹாஷ் பொருந்தாவிட்டால் மென்பொருள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மீண்டும் வாங்கும். இந்த இடத்தில் சர்வரைவிட இது உறுதியானது என்றே சொல்வேன்.

ஆனால் ஹாஷைச் சரியாகப் போட வேண்டும். காசாவில் வேகத்துக்காகக் கோப்பு முழுவதையும் ஹாஷ் செய்யாமல் முதல் 300 கிலோபைட்டையும், பிறகு 1, 2, 4, 8 மெகாபைட் என்று இரட்டித்துப் போகும் இடங்களில் சில பகுதிகளையும் மட்டுமே எடுத்தார்கள். இடையில் இருப்பதை மாற்றினால் கண்டுபிடிக்க முடியாது. குப்பையை வேண்டுமென்றே கலப்பவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பிரபலமான புதுப் பாடல்கள் பலவற்றில் பாதிக்கும் மேற்பட்ட பிரதிகள் கெட்டவை என்று கண்டது. டாரன்ட் பயன்படுத்திய சா-1 என்ற ஹாஷும் 2017இல் உடைந்தது. ஒரே ஹாஷ் வரும் இரண்டு வேறு கோப்புகளை உருவாக்கிக் காட்டினார்கள். டாரன்டின் இரண்டாம் பதிப்பு சா-256க்கு மாறிவிட்டது.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். பதிவேற்றியவர் வைரஸையே பதிவேற்றியிருந்தால், ஹாஷ் அந்த வைரஸ் பழுதில்லாமல் வந்து சேர்ந்தது என்று மட்டும் உறுதி சொல்லும்.

12. ஒரே ஆள் ஆயிரம் கணு மாதிரி நடிச்சா யாருக்குத் தெரியும்?

தெரியாது. இதற்குச் சிபில் தாக்குதல் என்று பெயர். மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் ஜான் டூசர் 2002இல் விளக்கினார். அடையாளத்தைச் சரிபார்க்க நம்பகமான ஒரு மையம் இல்லாவிட்டால், நடைமுறை உலகில் இதை முழுக்கத் தடுக்க முடியாது என்பது அவர் முடிவு. ஓட்டுச்சாவடியில் வாக்காளர் பட்டியல் இல்லாமல் கள்ள ஓட்டைத் தடுக்க முயல்வது போன்றது.

டி.எச்.டி.யில் இது கூர்மையாகக் குத்தும். கணு தன் எண்ணைத் தானே தேர்ந்தெடுக்க முடிந்தால், ஒரு கோப்பின் எண்ணுக்கு மிக நெருக்கமாக எட்டுப் பத்துப் போலிக் கணுக்களை நட்டுவிடலாம். அந்தக் கோப்பைத் தேடுபவர்கள் எல்லோரும் அவற்றிடம்தான் வருவார்கள். அவை இல்லை என்று சொன்னால் இல்லைதான். 6ஆம் பதிலில் தேடலை அவ்வளவு வேகமாக்கிய அதே கணக்கு, எங்கே போய் உட்கார வேண்டும் என்பதைத் தாக்குபவனுக்கும் துல்லியமாகச் சொல்லிவிடுகிறது. நுடெல்லாவில் அப்படிக் குறிவைக்க ஓர் இடமே கிடையாது.

மருந்துகள் எல்லாமே விலையை ஏற்றும் வகை. கணுவின் எண்ணை அதன் ஐபி முகவரியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று டாரன்டுக்கு ஒரு விதி உண்டு. ஆயிரம் போலிகளை நட ஏராளமான முகவரிகள் வேண்டும். பிட்காயினில் குரலின் எடை கணுவின் எண்ணிக்கையைப் பொறுத்தது அல்ல, செலவழித்த கணிப்புச் சக்தியைப் பொறுத்தது. பழைய ஆட்களை விடாதே என்ற கடெம்லியா விதி, திடீரென்று படையெடுத்து வரும் போலிகளை வாசலிலேயே காக்க வைக்கிறது.

13. எக்லிப்ஸ் அட்டாக்கும் சிபிலும் ஒன்னுதானே?

உறவுக்காரர்கள், ஒன்றில்லை. சிபில் என்பது பல முகமூடிகளைத் தயாரிப்பது. எக்லிப்ஸ் என்பது அந்த முகமூடிகளால் ஒரே ஒருவரைச் சுற்றி வளைப்பது. உங்கள் கணுவின் எல்லா இணைப்புகளும் தாக்குபவனிடமே போனால், அவன் காட்டுவதுதான் உங்களுக்கு உலகம்.

2015இல் ஈதன் ஹைல்மன், அலிசன் கெண்ட்லர், அவிவ் சோஹர், ஷாரன் கோல்ட்பெர்க் ஆகியோர் பிட்காயினில் இதைச் செய்துகாட்டினார்கள். அப்போது ஒரு கணு தானாக ஏற்படுத்தும் இணைப்புகள் 8, வெளியிலிருந்து ஏற்பவை 117 வரை. தெரிந்த முகவரிகளின் அட்டவணையைத் தாக்குபவன் தன் முகவரிகளால் நிரப்பிவிட்டுக் காத்திருப்பான். கணு மறுதொடக்கம் ஆனதும் எட்டு இணைப்புகளும் அவன் வலையில் விழும். அந்தக் கணுவிடம் செலவழித்த பணத்தையே இன்னொரு முறை செலவழித்துக் காட்டலாம். அட்டவணையைப் பெரிதாக்குவது, முகவரிகளைத் தற்செயலாகப் பொறுக்குவது போன்ற அவர்களின் பரிந்துரைகளில் பலவற்றைப் பிட்காயின் ஏற்றுக்கொண்டது. முழுதும் அணைந்து எழும் நொடிதான் ஒரு கணுவின் பலவீனமான நொடி என்பது 9ஆம் பதிலிலும் வந்தது, இங்கேயும் வருகிறது.

14. டாரன்ட்ல நான் யாருன்னு யாருக்கும் தெரியாதுல்ல?

தெரியும். துண்டு கொடுக்க உங்கள் முகவரி தேவை, ஆகவே அது எல்லோருக்கும் தெரிந்தே இருக்கும். டி.எச்.டி. வந்த பிறகு இன்னும் திறந்துவிட்டது. ஒரு கோப்பின் எண்ணைக் கொடுத்து இதை வைத்திருப்பவர்கள் யார் என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். மையம் இல்லாதது வேறு, மறைந்திருப்பது வேறு. முகவரியை மறைக்கும் டார் என்ற வலை வழியாக டாரன்ட் ஓட்டினால் தப்பலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. பல மென்பொருள்கள் உண்மையான முகவரியைச் செய்திக்குள்ளேயே எழுதி அனுப்பிவிடும் என்று டார் திட்டத்தினரே 2010இல் எச்சரித்தார்கள்.

மறைவையே நோக்கமாகக் கொண்ட வலை ஃப்ரீநெட் (2023இல் அதன் பெயர் ஹைஃபாநெட் என்று மாறியது). எடின்பரோவில் படித்த இயன் கிளார்க்கின் வடிவமைப்பு. கேட்டது யார், வைத்திருப்பது யார் என்று இடையில் இருப்பவருக்குத் தெரியாதபடி கைமாற்றிக் கைமாற்றி அனுப்பும். வேகம் குறையும். 2ஆம் பதிலில் சொன்ன இழுபறியேதான்.

15. சர்வர் துளிகூட இல்லாத வலை உண்மையிலேயே இருக்கா?

முதல் அடிக்கு யாராவது கைகொடுக்க வேண்டும். புதிதாக நிறுவிய மென்பொருளுக்கு ஒரு கணுவின் முகவரிகூடத் தெரியாது. ஆகவே சில முகவரிகளை உள்ளேயே எழுதி அனுப்புகிறார்கள். பிட்காயினுக்கு முகவரிப் பட்டியல் தரும் சில சர்வர்கள் உண்டு, டாரன்ட் டி.எச்.டி.க்கும் நுழைவாயில் கணுக்கள் உண்டு. உள்ளே வந்த பிறகு அவை தேவையில்லை, வரும்வரை தேவை.

வீட்டு ரவுட்டரும் மொபைல் நிறுவனமும் இன்னொரு தடை. இணைய முகவரி முறையின் பழைய பதிப்பான ஐபிவி4இல் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கிறார்கள். உங்கள் ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் நீங்களும் அப்படித்தான் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து உங்களை நேரடியாக அழைக்க முடியாது. இருவருமே அப்படி இருந்தால் நடுவில் மூன்றாவது கணினி ஒன்று அறிமுகம் செய்துவைக்க வேண்டும், சில நேரம் எல்லாத் தரவையும் கைமாற்றியே தர வேண்டும். முகவரிகள் ஏராளமாக உள்ள புதிய பதிப்பான ஐபிவி6 பரவலானால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீரும் என்று நம்புகிறேன்.

16. எங்க லேப்ல 60 கம்ப்யூட்டருக்கும் ஒரே நேரத்துல லினக்ஸ் போடணும். ப்ராஜெக்டா டி.எச்.டி. எழுதிடலாமா சார்?

எழுதிக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் இந்த வேலைக்கு அது தேவையில்லை. யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் 60 வரிதான். சொந்த ஆய்வகத்தில் பட்டியலை ஒரு கணினியில் வைத்தால் யாரும் வழக்குப் போடப் போவதில்லை, விழுந்தால் எழுந்துபோய் மறுபடி ஓட்டிவிடலாம். அந்தப் பட்டியலை வைத்திருக்கும் டிராக்கர் என்ற நிரல் ஒன்று, சாதாரண டாரன்ட் மென்பொருள், போதும்.

பயன் இருக்கிறதா என்றால், கணக்குப் பாருங்கள். 4 ஜிகாபைட் கோப்பை 60 பேருக்கு ஒரே சர்வரிலிருந்து அனுப்பினால் 240 ஜிகாபைட். நொடிக்கு ஒரு ஜிகாபிட் இணைப்பில் காகிதக் கணக்கிலேயே 32 நிமிடம் ஆகும், நடைமுறையில் இன்னும் கூடும். டாரன்டில் முதல் கணினி ஏறக்குறைய ஒரு முழுப் பிரதியை வெளியே அனுப்பினால் மற்றவர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வார்கள். சில நிமிடங்களில் முடியும், வட்டின் வேகம்தான் அப்போது தடையாக நிற்கும். டி.எச்.டி.யை அமைப்புகளில் அணைத்துவிடுங்கள், இந்த வேலை வெளியே தெரிய வேண்டியதில்லை.

ஆரம்பிக்கும் முன் ஒன்று மட்டும் செய்யுங்கள். முதல் கணினியில் இறக்கி வைத்த கோப்பின் சா-256 ஹாஷைக் கணக்கிட்டு, அந்த லினக்ஸின் அதிகாரபூர்வத் தளத்தில் போட்டிருப்பதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். 11ஆம் பதிலின் கடைசியில் சொன்னது இங்கேதான் பொருந்தும். முதல் பிரதி கெட்டிருந்தால், அதே கெட்ட பிரதி 60 கணினிகளிலும் ஒரு பிட் பிசகாமல் போய் உட்கார்ந்துவிடும்.